ஓட்டத்தை இரண்டு மடங்காக்கியும் எரிபொருளின் நடுவில் 16 டிகிரிதான் குறைகிறது. என் கணக்கில் எங்கே தவறு?

வெப்பமாற்றி எழுதியது:

வணக்கம். வெப்பமாற்றிகள் வடிவமைக்கும் வேலையில் 11 வருடமாக இருக்கிறேன். அணு உலை என் தொழில் இல்லை, ஆர்வத்தில் படிக்கிறேன். இரண்டு வாரமாக ஒரு அழுத்தநீர் உலையின் (தண்ணீரைக் கொதிக்கவிடாமல் அதிக அழுத்தத்தில் வைத்திருக்கும் அணு உலை) ஒரே ஒரு எரிபொருள் கோலை மட்டும் எடுத்துக்கொண்டு, யுரேனியத்தின் நடுவிலிருந்து தண்ணீர் வரை வெப்பநிலை எப்படி இறங்குகிறது என்று எக்ஸெல்லில் போட்டுப் பார்க்கிறேன். வந்த விடையை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட அளவுகள்: உறையின் வெளிவிட்டம் 9.5 மி.மீ., சிர்கலாய் (சிர்கோனியம் உலோகக்கலவை) சுவர் 0.57 மி.மீ., உள்ளே யுரேனியம் டைஆக்ஸைடு வில்லை, அதற்கும் உறைக்கும் நடுவே ஹீலியம் நிரப்பிய மெல்லிய இடைவெளி. ஒரு கோலின் மையத்திலிருந்து அடுத்த கோலின் மையத்துக்கு 12.6 மி.மீ. கோலின் சூடாகும் நீளம் 3.66 மீட்டர், மீட்டருக்குச் சராசரியாக 18 கிலோவாட். தண்ணீர் 155 பார் அழுத்தத்தில், 290 டிகிரியில் உள்ளே வந்து, நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கீழிருந்து மேலே போகிறது.

நான்கு கோல்களுக்கு நடுவே உள்ள சந்தின் நீரியல் விட்டம் 11.8 மி.மீ. வருகிறது. ஓட்டம் எவ்வளவு கொந்தளிப்பானது என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் 4,90,000 பக்கம். டிட்டஸ்-போல்டர் சூத்திரம் போட்டால் வெப்பக் கடத்தல் கெழு சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 36,000 வாட். கோலின் மேற்பரப்பில் வெப்பப் பாயம் (ஒரு சதுர மீட்டர் வழியே வெளியேறும் வெப்பம்) 600 கிலோவாட். ஆக நடு உயரத்தில் தண்ணீர் 308, தண்ணீரிலிருந்து உறையின் மேற்பரப்புக்கு 17, உறைச் சுவருக்குள் 23, ஹீலியம் இடைவெளியில் 110, வில்லைக்குள் 477. எல்லாம் கூட்டினால் வில்லையின் நடுவில் 935 டிகிரி.

சரி, இப்போது ஓட்டத்தை இரண்டு மடங்காக்கினேன். தண்ணீர் 299, மேற்பரப்புக்கு 10. மற்ற மூன்றும் அப்படியே. நடுவில் 919. வெறும் 16 டிகிரி வித்தியாசம்! பாதியாகக் குறைத்தாலும் 966-க்குத்தான் போகிறது. யுரேனியம் டைஆக்ஸைடு உருகுவது 2,800 டிகிரிக்கும் மேலே.

எங்கள் வேலையில் வெப்பம் சரியாகப் போகவில்லை என்றால் முதலில் பார்ப்பதே ஓட்டத்தின் வேகத்தைத்தான். குழாய்ச் சுவர் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை, தடையெல்லாம் திரவப் படலத்தில்தான் இருக்கும். இங்கே அது தலைகீழாக இருக்கிறது. என் கணக்கு தவறா? கணக்கு சரி என்றால், உலையில் குளிர்நீர் ஓட்டம் குறைந்தால் ஏன் எல்லாரும் அத்தனை பதறுகிறார்கள்?

---

உலைக்கணக்கு எழுதியது:

கணக்கு சரிதான். முதல் முறையிலேயே இவ்வளவு கிட்டத்தில் வந்திருப்பது பெரிய விஷயம்.

இரண்டு சிறு திருத்தங்கள். டிட்டஸ்-போல்டர் வட்டக் குழாய்க்கு உள்ளே ஓடும் திரவத்துக்கு எழுதப்பட்டது. 1930-இல் கார் ரேடியேட்டர்களை ஆராய்ந்தபோது பிறந்த சூத்திரம் அது. சதுர அடுக்கில் நிற்கும் கோல்களுக்கு வெளியே ஓடும் தண்ணீருக்கு, கோல் இடைவெளியைப் பொறுத்து, கெழு மூன்றில் ஒரு பங்கு வரை கூடலாம். அப்போது உங்கள் 17 டிகிரி 13 ஆகும். இன்னொன்று, யுரேனியம் டைஆக்ஸைடின் கடத்துதிறன் நிலையானது இல்லை. சூடு ஏற ஏறக் குறையும், எரிந்து பழசாகப் பழசாக இன்னும் குறையும். நீங்கள் மீட்டருக்கு, டிகிரிக்கு 3 வாட் என்று போட்டிருப்பீர்கள் என நினைக்கிறேன். சராசரிக் கோலுக்கு அது போதும். மீட்டருக்கு 40 கிலோவாட் தரும் சூடான இடத்துக்கு அதே 3-ஐப் போடாதீர்கள், விடை குறைவாக வந்துவிடும்.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? வில்லைக்குள் விழும் 477 டிகிரிக்கான சூத்திரத்தில் வில்லையின் விட்டமே வராது. மீட்டருக்கு எத்தனை வாட் என்பதை நான்கு பை மடங்கு கடத்துதிறனால் வகுத்தால் போதும். தடித்த கோலோ மெல்லிய கோலோ, மீட்டருக்கு 18 கிலோவாட் என்றால் அதே 477தான். பிறகு ஏன் இவ்வளவு மெல்லிய கோல்? ஒரே அளவு யுரேனியத்தை மெல்லியதாக இழுத்தால் மொத்த நீளம் கூடும், மீட்டருக்கான வாட் குறையும். ஒரு பெரிய அழுத்தநீர் உலையில் 193 கட்டுகள், கட்டுக்கு 264 கோல்கள். எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் 186 கிலோமீட்டர். 1970-களில் 15-க்கு 15 அடுக்கிலிருந்து 17-க்கு 17 அடுக்குக்கு மாறியதில் இந்தக் கணக்குக்கு முக்கியப் பங்கு உண்டு.

ஓட்டத்தைப் பற்றிய கேள்விக்கு, தண்ணீரைச் சுற்றவிட்டு வெப்பத்தை அளக்கும் சோதனைச் சுற்றில் வேலை செய்தவர் யாராவது பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

சோதனைச்சுற்று எழுதியது:

வெப்பமாற்றி, உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஏனென்றால் இதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். என் விடையை எனக்குச் சொன்னது எக்ஸெல் இல்லை, ஒரு குழாய். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எரிபொருள் கோலைச் சுற்றித் தண்ணீர் என்ன செய்கிறது என்று பார்க்க யுரேனியம் தேவையில்லை. மின்சாரம் போதும். நான் 9 வருடம் வேலை செய்த சுற்றில் இருந்தது ஒரு மீட்டர் நீளமுள்ள இன்கோனல் (நிக்கல் உலோகக்கலவை) குழாய். வெளிவிட்டம் 9.5 மி.மீ., சுவர் 1 மி.மீ. குழாயே ஹீட்டர். இரண்டு முனையிலும் தாமிரக் கவ்வி, அவற்றின் வழியே 26 வோல்ட், 680 ஆம்பியர் நேர்மின்னோட்டம். பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 18 கிலோவாட். உங்கள் சராசரிக் கோலின் ஒரு மீட்டர் தருகிற அதே வெப்பம். சுற்றிலும் குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாய், இரண்டுக்கும் நடுவே கீழிருந்து மேலே தண்ணீர். அழுத்தம் வளிமண்டல அழுத்தம்தான், 155 பார் எல்லாம் கண்ணாடி தாங்காது. குழாய்க்கு உள்ளே வெவ்வேறு உயரத்தில் வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள்கள்.

அன்றைக்கு வேலை இதுதான்: மின்சாரத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. நான் வால்வைக் கால் சுற்று மூடுவேன், ஐந்து நிமிடம் காத்திருப்பேன், அளவுகளைக் குறிப்பேன், மறுபடி கால் சுற்று.

ஆரம்பத்தில் கொதிப்பே இல்லை. அப்போது நீங்கள் சொன்ன மாதிரியே ஓட்டம் குறையக் குறையச் சுவர் வெப்பம் மெல்ல ஏறியது. அப்புறம் மேல்பக்கத்தில் ஊசிமுனைக் குமிழிகள் வந்தன. அதற்கு மேல் தெர்மோகப்பிள் அசையவே இல்லை. 145, 144, 146, 145. கால் சுற்று மூடினேன், 145. இன்னொரு கால் சுற்று, 146. நோட்டில் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதினேன். கண்ணாடிக்குள் குமிழிகள் பெருத்துக்கொண்டே போயின, சத்தமும் மாறியது. முதலில் சடசடவென்று இருந்தது, பிறகு அடித்தொண்டையில் உறுமுவது போல. ஆனால் எண் மாறவில்லை. குமிழி விட்டுக் கொதிக்கும் மேற்பரப்பு அப்படித்தான். வெப்பத்தை அது அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்ளும், ஓட்டத்தைப் பற்றிக் கவலைப்படாது.

அடுத்த கால் சுற்றில் மேல் கவ்விக்குச் சற்றுக் கீழே, ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு, குழாய் மங்கலான சிவப்பாக ஒளிர்ந்தது.

வெப்பநிலை 200-ஐத் தாண்டினால் மின்சாரம் தானே நின்றுவிட வேண்டும். ஆனால் அடிக்கடி பொய்யாக நின்றதால் யாரோ அதில் 3 வினாடித் தாமதம் வைத்திருந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் குழாயின் ஒரு மீட்டர் எடை 220 கிராம் சொச்சம். தண்ணீர் தொடவில்லை என்றால் 18 கிலோவாட் அதை வினாடிக்கு 180 டிகிரி ஏற்றும். 3 வினாடி போதும், செக்கச் சிவக்கும். மின்சாரம் நின்றதும் தண்ணீர் திரும்ப ஏறி அந்த வளையத்தை அணைத்தது. குழாயை வெளியே எடுத்தபோது அந்த இடம் நீலக் கறுப்பாக, லேசாகப் புடைத்திருந்தது. அதன் பிறகு அந்தத் தாமதத்தை எடுக்க வேண்டும் என்று நான் விடாமல் கேட்டேன், எடுத்தார்கள்.

நடந்தது இதுதான். ஒரு கட்டம் வரை குமிழிகள் சுவரை விட்டு விலகியதும் அந்த இடத்துக்குத் தண்ணீர் ஓடி வருகிறது. அதைத் தாண்டினால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து சுவர்மேல் நீராவிப் போர்வையாக நின்றுவிடும். தண்ணீர் சுவரைத் தொட வழியில்லை. ஜப்பானில் ஷிரோ நுகியாமா 1934-இலேயே தண்ணீருக்குள் மெல்லிய கம்பியைச் சூடாக்கி இதைக் காட்டினார். நிக்ரோம் கம்பி அந்தக் கட்டத்தில் உருகி அறுந்தது. அதைவிட அதிகச் சூடு தாங்கும் பிளாட்டினத்தை வைத்துத்தான் போர்வைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவரால் பார்க்க முடிந்தது.

இப்போது உங்கள் கோலுக்கு வருவோம். 155 பாரில் தண்ணீர் கொதிப்பது 345 டிகிரியில். சராசரிக் கோலின் மேற்பரப்பு 325, கொதிப்பு இல்லை. ஆனால் மீட்டருக்கு 40 கிலோவாட் தரும் ஓர் இடத்தை எடுங்கள். வெப்பப் பாயம் 1,340 கிலோவாட். படலத்தில் 37 டிகிரி விழ வேண்டும். தண்ணீர் 315 என்றால் மேற்பரப்பு 352 என்று உங்கள் சூத்திரம் சொல்லும். நிஜத்தில் அப்படி ஆகாது. 345-ஐத் தாண்டியதும் குமிழிகள் வந்துவிடும், மேற்பரப்பு 347, 348-இல் நின்றுவிடும். என் நோட்டில் 145 நின்ற மாதிரி. வெப்பநிலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். போர்வை விழுந்தால் அந்த 36,000 சில ஆயிரமாகச் சுருங்கிவிடும். 3,000 என்று வைத்துக்கொண்டால் அதே 1,340 கிலோவாட்டுக்கு உறை 345-க்கு மேல் இன்னும் 450 டிகிரி ஏற வேண்டும். 800 பக்கம். அந்தச் சூட்டில் சிர்கலாய் மெத்தென்று ஆகி, உள்ளழுத்தத்தில் உப்பும். 1,200-ஐ நெருங்கினால் நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விடும், அந்த வினையே இன்னும் வெப்பம் தரும். அமெரிக்க விதி விபத்துக் கணக்குகளில் உறைக்கு 1,204 டிகிரி என்று வரம்பு வைத்திருப்பது அதனால்தான்.

ஆகவே ஓட்டம் உங்களுக்கு வாங்கித் தருவது குறைந்த வெப்பநிலையை இல்லை, அந்தப் போர்வையிலிருந்து தூரத்தை. ஓட்டம் கூடினால், தண்ணீர் கொதிநிலைக்குக் கீழே தள்ளி இருந்தால், போர்வை விழ இன்னும் அதிக வெப்பப் பாயம் தேவைப்படும். எந்தப் பாயத்தில் போர்வை விழும் என்பதை, அங்கே இப்போது இருக்கும் பாயத்தால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். போர்வை விழும் பாயத்தைக் கணிக்கும் டபிள்யூ-3 என்ற பழைய சூத்திரத்தைப் பயன்படுத்தியவர்கள் அந்த விகிதம் 1.3-க்குக் கீழே போகக்கூடாது என்று வைத்திருந்தார்கள். உங்கள் எக்ஸெல்லில் அந்த ஒரு வரிசை இல்லை. 935, 919, 966 எல்லாம் சரியான எண்கள்தான், ஆனால் உங்கள் பதிலை அவற்றில் தேடாதீர்கள்.

இன்னொன்று, ஓட்டம் பாதி என்று போட்டு 966 வாங்கினீர்களே, அதே கணக்கில் தண்ணீர் மேலே என்ன வெப்பத்தில் வெளியேறுகிறது என்று பார்த்தீர்களா?

---

வெப்பமாற்றி எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். 145, 145, 146 என்று எழுதிய அந்த நோட்டு மனதில் அப்படியே நிற்கிறது. நன்றி.

வெளியேறும் தண்ணீரை இப்போதுதான் பார்த்தேன். ஒரு சந்தில் வினாடிக்கு 0.31 கிலோ தண்ணீர், ஒரு கோல் தருவது 66 கிலோவாட். முழு ஓட்டத்தில் 37 டிகிரி ஏறி 327. பாதி ஓட்டத்தில் 74 டிகிரி ஏறி 364! கொதிநிலை 345. அதாவது மேலே போவதற்குள் கொதித்துவிடுகிறது. இதைக் கவனிக்காமல் சராசரியை மட்டும் எடுத்துக்கொண்டு 966 என்று எழுதிவிட்டேன். என்டால்பியை (ஒரு கிலோ தண்ணீரில் உள்ள வெப்ப ஆற்றலை) வைத்து மறுபடி போட்டதில் மேல் முனையில் நிறையில் கிட்டத்தட்ட 8 சதவீதம் நீராவி.

அடுத்த சந்தேகம். ஓட்டம்தான் தூரத்தை வாங்கித் தருகிறது என்றால் ஏன் 5 மீட்டரோடு நிறுத்த வேண்டும்? 8, 10 என்று ஓட்டலாமே? அப்புறம், எங்கள் மாற்றிகளில் தடுப்புத் தகடு வைத்து ஓட்டத்தைக் குறுக்கே திருப்புவோம். கோல்களுக்கு நடுவே அப்படி ஏதாவது உண்டா?

---

சோதனைச்சுற்று எழுதியது:

வேகத்தை இரட்டிப்பாக்கினால் அழுத்த இழப்பு மூன்றரை மடங்குக்குக் குறையாமல் கூடும், பம்ப் தின்னும் மின்சாரம் ஏழு மடங்கு. வினாடிக்கு 15 டன்னுக்கு மேல் தண்ணீரைத் தள்ளும் பம்புகள் அவை, ஏற்கெனவே ஒவ்வொன்றும் மெகாவாட் கணக்கில் எடுத்துக்கொள்பவை. ஆனால் அதற்கு முன்பே வேறொன்று தடுக்கும். கட்டின் அடிக்கும் தலைக்கும் இடையே உள்ள அழுத்த வித்தியாசம் கட்டை மேலே தூக்கப் பார்க்கும். 650 கிலோவுக்கு மேல் எடையுள்ள கட்டை! இப்போதுள்ள ஓட்டத்திலேயே அது எழும்பாமல் இருக்கத் தலையில் சுருள்வில்லோ பட்டைவில்லோ வைத்து அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். வேகம் கூடக்கூடக் கோல்கள் அதிரும். அதிர்ந்தால் பிடித்திருக்கும் இடத்தில் உரசி உறை தேயும். ஓட்டை விழுந்த கோல்களில் பல இப்படித் தேய்ந்தவைதான்.

உங்கள் தடுப்புத் தகட்டுக்கு இங்கே உறவுக்காரன் ஒன்று உண்டு, கிரிட் என்பார்கள். முட்டைத் தட்டு மாதிரி சதுரச் சட்டம், ஏறத்தாழ அரை மீட்டருக்கு ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் சிறு வில்லும் புடைப்பும் கோலைப் பிடித்துக்கொள்ளும். முக்கியமான இடம் அதன் மேல் விளிம்பு. அங்கே சின்னச் சின்னச் சிறகுகள் வளைந்து நிற்கும். தண்ணீர் அவற்றில் மோதிச் சுழலும், பக்கத்துச் சந்துக்கும் கொஞ்சம் பாயும். எனக்கு இந்தக் கருவியில் மிகப் பிடித்த பாகம் இந்தச் சிறகுதான். விரல் நகத்தைவிடச் சிறியது, அசையும் பாகம் எதுவும் இல்லை, ஆனால் கோலோடு ஒட்டிக் கிடக்கும் சூடான தண்ணீரை உரித்து நடுவே தள்ளி, நடுவிலிருக்கும் குளிர்ந்த தண்ணீரைக் கோலுக்குக் கொண்டுவந்துவிடும். கிரிட்டைத் தாண்டியதும் கெழு சட்டென்று உயர்ந்து, மேலே போகப் போகப் பழைய நிலைக்குத் தணியும். அதனால் போர்வை விழ வாய்ப்புள்ள இடம் பெரும்பாலும் அடுத்த கிரிட்டுக்குச் சற்று முன்னால்தான் இருக்கும். முந்தைய சுழல் அங்கே ஓய்ந்திருக்கும்.

பக்கத்துச் சந்துக்கு ஏன் பாய வேண்டும்? எல்லாக் கோலும் ஒரே அளவு வெப்பம் தருவதில்லை. சூடான கோல்கள் நான்கு சேர்ந்த சந்தில் தண்ணீர் முதலில் குமிழிவிடும். குமிழி வந்தால் அந்தச் சந்தின் தடை கூடும், தண்ணீர் தடை குறைந்த பக்கத்துச் சந்துக்கு நழுவும். மிகவும் தேவைப்படும் இடத்தில் ஓட்டம் குறைகிறது, பார்த்தீர்களா? இதைக் கணக்கிடவே கோப்ரா மாதிரியான கணினி நிரல்கள் ஒவ்வொரு சந்தையும் தனித்தனியாக, பக்கத்துச் சந்துகளோடு நடக்கும் கொடுக்கல் வாங்கலோடு சேர்த்து எழுதுகின்றன. சராசரிக் கோல் யாரையும் காப்பாற்றாது. கணக்குப் போட வேண்டியது அந்த ஒரு சந்துக்கு.

---

திரவஉலோகம் எழுதியது:

சோடியம் குளிர்விக்கும் வேக நியூட்ரான் உலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே கிரிட்டுக்குப் பதிலாகப் பெரும்பாலும் ஒவ்வொரு கோலைச் சுற்றியும் ஒரு மெல்லிய கம்பி கொடிபோலச் சுற்றியிருக்கும். கோல்களை ஒட்டாமல் பிரித்து வைப்பதும் அதுதான், சோடியத்தைச் சுழற்றிக் கலப்பதும் அதுதான். அறுகோணக் கட்டில் கோல்களை இன்னும் நெருக்கமாக அடுக்கலாம்.

டிட்டஸ்-போல்டரைத் தயவுசெய்து அங்கே கொண்டுபோகாதீர்கள். சோடியத்தின் கடத்துதிறன் உங்கள் தண்ணீரைப் போல நூறு மடங்குக்கு மேல், பிராண்டல் எண் (திரவத்தில் உந்தம் பரவும் வேகத்தை வெப்பம் பரவும் வேகத்தால் வகுத்தது) 0.005 அளவில். வெப்பம் கொந்தளிப்புக்காகக் காத்திருக்காமல் உலோகத்துக்குள் நகர்வது போலவே நகர்ந்துவிடும். ஓட்டம் மிகக் குறைந்தாலும் நஸ்ஸெல்ட் எண் (வெறும் கடத்தலைவிட எத்தனை மடங்கு வெப்பம் போகிறது என்ற அளவு) 7-ஐ ஒட்டி நிற்கும் என்று லயன் 1951-இல் கொடுத்த சூத்திரம் சொல்கிறது. சாதாரண அழுத்தத்திலேயே சோடியம் கொதிப்பது 883 டிகிரியில். ஆகவே நீராவிப் போர்வை அங்கே அன்றாடக் கவலை இல்லை. அவர்களுடைய கவலை, ஒரு கட்டுக்குள் போகும் வழியே எதனாலாவது அடைபட்டால் என்ன ஆகும் என்பது.

---

உலைக்கணக்கு எழுதியது:

"ஓட்டம் குறைந்தால் ஏன் பதறுகிறார்கள்" என்ற கேள்வியில் ஒரு பாதி இன்னும் மிச்சம் இருக்கிறது. உலையை நிறுத்திய பிறகும் ஓட்டம் வேண்டும். பிளவு நின்ற கணத்தில் பிளவுத் துண்டுகளின் சிதைவு வெப்பம் முழுத் திறனில் 6 முதல் 7 சதவீதம், ஒரு மணி நேரம் கழித்து ஒன்றரை சதவீதம் அளவில். உங்கள் 66 கிலோவாட் கோலுக்கு அது ஒரு கிலோவாட். சிறியதுதான், ஆனால் அதை நிறுத்த முடியாது.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் நடந்த விபத்தை இந்தக் கண்ணோடு படியுங்கள். திறந்தே நின்றுவிட்ட ஒரு வால்வு வழியே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. உலை நின்றுவிட்டிருந்தது. குளிர்நீரோடு நீராவி கலந்ததால் பெரிய பம்புகள் கடுமையாக அதிர்ந்தன, அவை கெடாமல் இருக்க நிறுத்தினார்கள். அதுவரை நீராவி கலந்த தண்ணீராவது கோல்களைத் தொட்டுக்கொண்டு ஓடியது. பம்ப் நின்றதும் நீராவி மேலே, தண்ணீர் கீழே என்று பிரிந்தது. கோல்களின் மேல்பகுதி வறண்டது. எரிபொருளில் கிட்டத்தட்டப் பாதி உருகியது. ஓட்டத்தால் நடு வெப்பநிலை 16 டிகிரிதான் மாறுகிறது என்ற உங்கள் கணக்கு, தண்ணீர் கோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரைதான் செல்லும்.

---

வெப்பமாற்றி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. எக்ஸெல்லைக் கலைத்துவிட்டு மறுபடி எழுதினேன். இந்த முறை கோலை 36 துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் தண்ணீரின் என்டால்பி, அது கொதிநிலைக்கு எவ்வளவு கீழே இருக்கிறது, மேற்பரப்பு வெப்பநிலை என்று மூன்றையும் வைத்தேன். மேற்பரப்பு 345-ஐத் தாண்டினால் சூத்திரம் தானே குமிழிக் கொதிப்புக்கு மாறும். வில்லையின் நடு வெப்பநிலையைக் கடைசிப் பத்தியில் போட்டிருக்கிறேன்.

பாதி ஓட்டத்தில் தண்ணீர் முழுவதும் கொதிநிலையை அடைவது அடியிலிருந்து 2.98 மீட்டரில். அதாவது கடைசி 68 சென்டிமீட்டரில் நீராவி கலந்த தண்ணீர்தான். இது சரியா என்று யாராவது சொல்லுங்கள்.

---

சோதனைச்சுற்று எழுதியது:

நீளம் முழுக்க ஒரே வெப்பம் என்று போட்டிருந்தால் 2.98 சரி. ஆனால் உலையில் நடுவில்தான் வெப்பம் அதிகம், இரண்டு முனையிலும் குறைவு. கொசைன் வடிவத்தைப் போட்டுப் பாருங்கள். சராசரி 18 என்றால் நடுவில் 28 வரும். மொத்தம் மாறாது, 8 சதவீதம் நீராவியும் மாறாது. ஆனால் கொதிப்பு 2.6 மீட்டரிலேயே தொடங்கிவிடும், மேலே ஒரு மீட்டருக்கு நீராவி.

அதோடு இதையும் கவனியுங்கள். வெப்பப் பாயம் உச்சத்தில் இருப்பது நடுவில், தண்ணீர் மிகச் சூடாக இருப்பது மேல் முனையில். போர்வைக்குள்ள தூரம் மிகக் குறைவது இரண்டுக்கும் நடுவே, பாதி உயரத்துக்கு மேலே எங்கேயோ. அந்தத் துண்டு உங்கள் 36-இல் எது என்று கண்டுபிடித்து எழுதுங்கள். என் பழைய நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன், சேர்ந்து பார்க்கலாம்.